மதிப்பீட்டு விடைகளும் அவற்றின் குறியெண்களும்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் ஆகிய மொழிகளைப் பேசுவோர் சில தெருக்களின் இடைவெளியில் வாழ்கின்றனர். மாதிரி ஆய்வுக்காக அங்குச் செல்லும் களப்பணியாளர் முதியவர் ஒருவரின் உடல்நிலையை வினவினால், விடை எம்மொழியிலும் வரலாம். படிவத்தில் பதிவாவதோ ஓர் எண் மட்டுமே.

தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றில் (2017-18) அறுபது வயது நிறைந்தோர் தமது உடல்நிலையைத் தாமே மதிப்பிட்டனர். மிக நன்று எனில் 1, நன்று அல்லது சுமார் எனில் 2, மோசம் எனில் 3. எண் உயர உயர நலம் குன்றுகிறது என்பதே இதன் பொருள். மனநிறைவை அளக்கும் ஆய்வுகள் பலவற்றில் 5 என்பதே சிறந்த விடை. இரண்டையும் பெயரின்றி ஒரே அட்டவணையில் சேர்த்தால் நோயுற்றோர் நலமுற்றோராகத் தோன்றுவர். 2011 கணக்கெடுப்பின்படி, மக்கள்தொகையில் 12.6 விழுக்காட்டினர் முதியோராக உள்ள கேரளத்தில் இது சிறு பிழையன்று. மருத்துவ ஒதுக்கீட்டையே திசைமாற்றக் கூடியது.

ஆகவேதான் கணிப்பொறியில் குறியெண் ஒவ்வொன்றுக்கும் விளக்கப் பெயர் இணைக்கப்படுகிறது. இணைக்கும் முறையில்தான் சிக்கல் எழுகிறது. முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு உடல்நிலை மாற்றத்தைக் கேட்கும் வினாவுக்கு, 'மிகவும் மேம்பட்டது' (1) முதல் 'மோசமாயிற்று' (5) வரை ஐந்து விடைகள் உண்டு. சிறிய மாதிரி ஒன்றில் எவரும் 1 எனக் கூறவில்லை என்று கொள்வோம். 'ஆர்' என்னும் நிரல்மொழி, படிநிலைகள் அறிவிக்கப்படாவிடில், தரவில் காணும் 2, 3, 4, 5 ஆகியவற்றையே படிநிலைகளாகக் கொள்ளும். அதன்பின் ஐந்து பெயர்களையும் வரிசைப்படி ஏற்றினால் 2 என்பது 'மிகவும் மேம்பட்டது' ஆகிவிடும்; 'மோசமாயிற்று' என்னும் நிரலில் பூச்சியம் நிற்கும். கணிப்பொறி எவ்வித எச்சரிக்கையும் தராது. ஐந்து குறியெண்களையும் முதலிலேயே அறிவித்துப் பெயரிட்டால் இத்தவறு நேராது. 'எஸ்.பி.எஸ்.எஸ்.' தொகுப்பில் பெயர் குறியெண்ணுடனேயே பிணைக்கப்படுவதால் இவ்விடர் இல்லை.

எண்ணை விடுத்து விடைச் சொற்களையே பதிவு செய்வோரும் உளர். அப்போது ஆர் மொழி அவற்றை அகரவரிசையில் அடுக்கும். நலத்தின் படிவரிசை குலையும். விடை கூறாதோருக்கு 9 என்று இட்டிருப்பின், அதனை விடுபட்ட மதிப்பாக அறிவித்த பின்னரே சராசரி காண வேண்டும். உண்மையில், இத்தகைய விடைகளுக்குச் சராசரியைவிட ஒவ்வொரு விடையின் விழுக்காட்டைத் தருவதே பொருத்தமானது. 'நன்று' என்பதற்கும் 'மோசம்' என்பதற்கும் உள்ள தொலைவு எவ்வளவு என்று எந்த முதியவரும் அளந்து சொல்வதில்லை.