தாள ஒலியும் சுருதியும்: இலத்திரனியல் இசை எழுப்பும் ஒரு வினா

கச்சேரி தொடங்குமுன் மிருதங்கக் கலைஞர் கல்லும் கட்டையுங் கொண்டு வலந்தலையின் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்ப்பதை நாமெல்லோரும் கண்டிருக்கின்றோம். பாடுபவரின் ஆதார ஷட்ஜம் மாறுமாயின் மிருதங்கமும் அதற்கேற்ப மாறவேண்டும். ஆதலின், தாளக் கருவிக்குச் சுருதி உண்டா என்னும் வினா எம்மவர்க்கு வியப்பையே தரும். ஆயினும், இலத்திரனியல் இசையை ஆக்குவோரிடையே இவ்வினா நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பாடலின் சுருதிக்கேற்பத் தாள ஒலிகள் யாவும் சேர்க்கப்படல் வேண்டும் என்பர் ஒரு சாரார். தாள ஒலிக்குச் சுருதியே இல்லை, அது வீண் வேலை என்பர் மறுசாரார். இவ்விரு கூற்றுகளும் ஒலியின் ஒரு முக்கியமான பண்பைக் கவனியாது விடுகின்றன என்பதே எமது கருத்து. ஓர் ஒலி எவ்வளவு நேரம் நிலைத்து நிற்கின்றது என்பதே அப்பண்பு.

முதலில், தோற்கருவிக்குச் சுருதி இல்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை நோக்குவோம். நரம்போ குழலோ ஒலிக்கும்போது அதன் மேற்றொனிகளின் மீடிறன்கள் அடிப்படை மீடிறனின் இரண்டு, மூன்று, நான்கு மடங்குகளாக அமைகின்றன. அவ்வாறு அமைவதனாலேயே செவி அவற்றை ஒரே சுரமாகக் கொள்கின்றது. இழுத்துக் கட்டப்பட்ட வட்டத் தோலின் நிலை வேறு. அதன் மேற்றொனிகள் அடிப்படையின் 1.59, 2.14, 2.30, 2.65 மடங்குகளாக ஒழுங்கின்றி எழுகின்றன. செவி அவற்றை ஒன்றுசேர்க்க இயலாது தடுமாறுகின்றது. 'சுருதியற்ற ஒலி' என்று நாம் கூறுவது உண்மையில் ஒன்றுக்கொன்று இணங்காத பல சுருதிகளின் கூட்டத்தையேயாகும்.

இக்குறையை எமது மரபுக் கைவினைஞர் பௌதிகவியல் நூல் எதுவும் பயிலாமலேயே தீர்த்துவிட்டனர். வலந்தலையின் நடுவே பூசப்படும் கரும்பசை தோலின் நடுப்பகுதிக்குப் பாரமேற்றி, இணங்காத மேற்றொனிகளை இழுத்து முழுஎண் மடங்குகளுக்கு அண்மையிற் கொண்டுவருகின்றது. 1920ஆம் ஆண்டில் சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் இணைந்து 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் இவ்வுண்மையை உலகறியச் செய்தார். ஐரோப்பியரும் இதனை முற்றாக அறியாதவரல்லர். அவர்களது வாத்தியக் குழுவிலுள்ள திம்பனி முரசுகள் பாடலின் ஆதார சுரத்துக்கும் அதன் பஞ்சமத்துக்குஞ் சேர்க்கப்படுவது வழக்கம். ஆனால், இருபதாம் நூற்றாண்டின் ஜாஸ், றொக் இசைகளில் வளர்ந்த 'ட்ரம்' தொகுதி வேறோர் எண்ணத்தை நிலைநிறுத்தியது. அதன் இசைக் குறியீட்டில் கோடுகளின் மீதுள்ள இடம் எந்தக் கருவியை அடிப்பது என்பதையே குறிக்கின்றது. எந்தச் சுரம் என்பதையன்று. அத்தொகுதியை வாசிப்போரிற் பலர் தமது முரசுகளை நுணுக்கமாகச் சேர்த்துக்கொள்கின்றனர் என்பது உண்மையே. ஆனால், பாடலுக்குப் பாடல் மாற்றுவது அரிது.

இவ்வெண்ணத்தைச் சுமந்துகொண்டே தாள இயந்திரங்கள் தோன்றின. யப்பானிய றோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட ரி.ஆர்.-808 என்னும் இயந்திரத்தை இங்கு விரிவாக நோக்குவது பயனுடைத்து. அதில் ஒலிப்பதிவு எதுவும் இல்லை. எல்லா ஒலிகளும் மின்சுற்றுகளாற் பிறப்பிக்கப்படுகின்றன. பேஸ் ட்ரம் ஒலிக்கு அதில் மூன்று திருகுகளே உள்ளன: ஒன்று உரப்புக்கு, மற்றொன்று ஒலியின் கூர்மைக்கு, இன்னொன்று ஒலி தேயும் நேரத்துக்கு. சுருதிக்குத் திருகு இல்லை. ஏறத்தாழ 50 ஹேர்ட்ஸ் என்னும் மீடிறன் அதற்குத் தொழிற்சாலையிலேயே விதிக்கப்பட்டுவிட்டது. உறுப்புகளின் சிறு வேறுபாடுகளால் அது கருவிக்குக் கருவி சற்று மாறலாம்; அவ்வளவே. ரொம்-ரொம், கொங்கா ஆகிய ஒலிகளுக்கு மட்டும் சுருதித் திருகு அளிக்கப்பட்டது. பசுமணி ஒலியின் கதை இன்னும் வேடிக்கையானது. அது ஏறத்தாழ 540, 800 ஹேர்ட்ஸ் மீடிறன்களைக் கொண்ட இரு அலைகளின் சேர்க்கை. மேலைத்தேய சுர வரிசையில் 523 ஹேர்ட்ஸ் ஒரு சுரம். 554 அடுத்த சுரம். எனவே 540 இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவே நிற்கின்றது. எந்தப் பாடலின் சுருதியோடும் சேராத மணியை அவ்வியந்திரம் எல்லோருக்கும் ஒரே விதமாக வழங்கியது!

1983இல் இதன் உற்பத்தி நின்றது. ஏறத்தாழ 12,000 கருவிகளே ஆக்கப்பட்டன. உண்மையான முரசுபோல் ஒலிக்கவில்லை என்று வசதி படைத்த ஒலிப்பதிவுக் கூடங்கள் இதனைப் பொருட்படுத்தவில்லை. எனவே, பழைய பொருளாகக் குறைந்த விலைக்குக் கைமாறிய கருவியை நியூ யோர்க், மியாமி, டெற்றொயிற் முதலான நகரங்களின் கறுப்பின இளைஞர்கள் தமதாக்கிக் கொண்டனர். ஆபிரிக்கா பம்பாட்டா குழுவினர் 1982இல் வெளியிட்ட 'பிளனெற் றொக்' இவ்வியந்திரத்தின் ஒலியைப் பரவலாக அறியச்செய்தது. அவ்விளைஞர் விரும்பியது குறையெனக் கருதப்பட்ட அதே பண்பை: தேயும் நேரத்துக்கான திருகை முழுதாகத் திருப்பும்போது பேஸ் ட்ரம் 'தும்' என்று முடியாது, நெடுநேரம் முழங்கிக்கொண்டே நின்றது.

சுருதிப் பிரச்சினை பிறப்பது இங்கேதான். செவி ஒரு சுரத்தை இனங்காண்பதற்குக் காலம் வேண்டும். 50 ஹேர்ட்ஸ் ஒலி ஒரு விநாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுமாயின், அது இரண்டே அதிர்வுகளை நிறைவுசெய்கின்றது. அதிலிருந்து சுருதியை எவராலும் உணர முடியாது. ஓர் அடியை மட்டுமே உணரலாம். அதே ஒலி முழு விநாடி நீடிப்பின் ஐம்பது அதிர்வுகள் எழுகின்றன. அப்பொழுது அது மேலைத்தேய ஜி சுரத்துக்கு, அதாவது 49 ஹேர்ட்ஸுக்கு, அண்மையிலுள்ள சுரமாகிவிடுகின்றது.

ஓர் உதாரணத்தாற் காட்டுவோம். பேஸ் ட்ரம் 49 ஹேர்ட்ஸில் ஒலிக்க, பேஸ் வாத்தியம் அதற்கு அரைச்சுரம் மேலே, 52 ஹேர்ட்ஸில், ஒலிப்பதாகக் கொள்க. இவ்விரண்டுஞ் சேரும்போது விநாடிக்கு மூன்று அடிப்புகள் தோன்றுகின்றன. ஒலி மூன்று முறை பெருகிச் சிறுக்கின்றது. நடன அரங்கின் பெரிய ஒலிபெருக்கிகளில் இது வயிற்றையே கலக்கும். ஆனால், ஓர் அடிப்பு நிறைவுற விநாடியின் மூன்றிலொரு பங்கு தேவை. பேஸ் ட்ரம் விநாடியின் பத்திலொரு பங்கில் அடங்கிவிட்டால் அடிப்பு தோன்ற அவகாசமேயில்லை. ஒரே முரண், ஒரே மீடிறன்கள். ஒலியின் நீளம் மாறியதும் பிரச்சினை மறைந்துவிடுகின்றது. சுருதி சேர்ப்பதற்கு முன் ஒலியைச் சற்றுக் குறுக்கிப் பார்ப்பது பெரும்பாலும் நல்லதென்று நாம் கூறுவது இதனாலேயே.

சேர்க்க வேண்டுமாயின் எவ்வாறு சேர்ப்பது? 808இன் ஒலியைப் பதிவுசெய்து வெவ்வேறு வேகங்களில் இயக்குவதே முதலில் கிடைத்த வழி. வேகத்தை 1.0595 மடங்காக்கினால் சுருதி அரைச்சுரம் உயரும். 49 ஹேர்ட்ஸை 55 ஹேர்ட்ஸாக, அதாவது ஜி சுரத்தை ஏ சுரமாக உயர்த்த 1.122 மடங்கு வேண்டும். அப்பொழுது ஒலியின் நீளமும் பதினொரு சதவீதம் குறையும். இன்றைய கணினிச் செயலிகள் நீளத்தை மாற்றாமற் சுருதியை மாற்ற வல்லன. எனினும், தாள ஒலியின் தொடக்கக் கூர்மையை அவை மழுங்கச் செய்வதுண்டு. பழைய முறையே பல சமயங்களில் மேலானது.

இன்னுமொரு சிக்கலுண்டு. பேஸ் ட்ரம் ஒலிகள் பல உயர்ந்த மீடிறனில் தொடங்கி மிக விரைவில் இறங்கித் தாழ்ந்த மீடிறனில் நிலைக்கின்றன. 1983இல் வெளிவந்த ரி.ஆர்.-909இல் இது தெளிவாகக் கேட்கும். ஓங்கி அறையப்பட்ட தோலும் இவ்வாறே சிறிது இறங்கும். இவற்றுள் எதனைச் சுருதியென்று கொள்வது? இறுதியில் நிலைக்கும் பகுதியையே கொள்ளல் வேண்டும், அதுவே நீள்கின்றதாகலின். அத்தாழ்ந்த பகுதியைச் செவியால் மதிப்பிடுவது கடினம். ஒலியை இரு ஸ்தாயி உயர்த்தி ஆதார சுரத்தோடு ஒப்பிட்டுச் சேர்த்தபின் மீண்டும் இரு ஸ்தாயி இறக்குவது எளிய வழி.

ஏனைய ஒலிகளைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. ஸ்னேர் ஒலியில் இரைச்சலே மிகுதி; அதன் அடிப்படை நீண்டு முழங்கினால் மட்டும் சேர்க்கலாம். ரொம்-ரொம், கொங்கா, மணி ஆகியவை சுரமாகவே கேட்பதால் அவற்றைச் சேர்ப்பது அவசியம். 808இன் தாள ஒலி ஒன்றுக்கொன்று இணங்காத ஆறு அலைகளிலிருந்து வடிக்கப்படுகின்றது. சுருதி தோன்றாதிருக்கவே அவ்வாறு அமைத்தனர். அதனை ஆதார ஷட்ஜத்தில் நிறுத்த முயல்வது நீரில் எழுத்தெழுதுவது போலாகும்.

இனி, எல்லா ஒலிகளையும் ஆதார சுரத்துக்கே சேர்க்கவேண்டும் என்னும் விதியைப் பற்றி ஒரு வார்த்தை. மிருதங்கத்துக்கு அவ்விதி பொருந்துவதற்கு ஒரு காரணமுண்டு. எமது இசையில் ஆதார சுருதி தொடக்கம் முதல் இறுதிவரை மாறுவதில்லை. தம்புராவும் அதையே மீட்டிக்கொண்டிருக்கும். மேலைத்தேய இசையிலோ சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே செல்கின்றன. ஷட்ஜத்திற் சேர்த்த நீண்ட பேஸ் ட்ரம், மத்திமத்தை அடியாகக் கொண்ட கூட்டு வரும்போது அதன் பஞ்சமமாக இணங்கும். பஞ்சமத்தை அடியாகக் கொண்ட கூட்டு வரும்போது முரணும். டெற்றொயிற் ரெக்னோ பாடல்கள் பலவற்றில் கூட்டுகள் அரிதாகவே மாறுவதால் அங்கு மிருதங்க மரபுக்கு ஒப்பான முறை இயல்பாகவே பொருந்துகின்றது. ஏனைய இசைகளுக்கு அவ்விதியைக் கண்மூடிப் பிரயோகிப்போர் தொழிற்சாலையின் ஆணையை மறுத்துவிட்டு வேறோர் ஆணைக்குத் தலைவணங்குகின்றனர்.

சுருதியைச் சேராமல் விடுவதும் கலைஞனின் உரிமையே. 1980இல் வெளிவந்த லின் எல்.எம்.-1 என்னும் இயந்திரத்தில் ஒவ்வோர் ஒலிக்கும் தனித்தனிச் சுருதித் திருகு இருந்தது. அதன் விலையோ 808இன் விலையைப்போற் பன்மடங்கு. அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ், 1984இல் வெளிவந்த 'வென் டவ்ஸ் க்றை' என்னும் பாடலில், இவ்வியந்திரத்தின் விளிம்படி ஒலியை வெகுவாகத் தாழ்த்திப் பயன்படுத்தினார். அப்பாடலில் பேஸ் வாத்தியமே இல்லை. தாழ்த்தப்பட்ட அவ்வொலி எந்தச் சுரம் என்று எவரும் கேட்பதில்லை. பாடலின் தனித்தன்மை அதிலேயே தங்கியுள்ளது.

808இன் வரலாறோ இதற்கு எதிர்த்திசையிற் சென்றது. மியாமியிலும் பின்னர் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் வளர்ந்த ராப் இசையில் அதன் நீண்ட பேஸ் ட்ரம் பதிவுசெய்யப்பட்டு, விசைப்பலகை முழுவதும் விரிக்கப்பட்டுச் சுரஞ்சுரமாக வாசிக்கப்படலாயிற்று. பேஸ் வாத்தியம் வேண்டாததாயிற்று. கூட்டு மாறும்போது பேஸ் ட்ரமும் உடன் மாறுகின்றது. சுருதித் திருகு இன்றிச் சந்தைக்கு வந்த அந்த ஒலியை, இன்று '808' என்று கூறும்போது பலர் ஒரு தாள இயந்திரத்தையே எண்ணுவதில்லை. பாடலின் தாழ்சுர வரிசையையே எண்ணுகின்றனர்.