சில வேளைகளில் மட்டும் தாமதிக்கும் வினவல்

மாநிலம் முழுவதற்குமான மாணவர் பதிவேட்டில், லகாட்டிலுள்ள ஆசிரியர் ஒருவர் ஒரு பெயரைத் தேடுகிறார் எனக் கொள்வோம். வழக்கமாக நொடிப்பொழுதில் விடை வருகிறது. சில காலைகளில் மட்டும் அதே தேடல் ஐந்து நொடி இழுக்கிறது. தரவுத்தளத்தை நிறுத்தி மீண்டும் இயக்கினால் சரியாகிறது. சில நாள் கழித்துத் தாமதம் திரும்புகிறது. இத்தகைய குறையை ஆராயும் முறையை இங்குக் காண்போம்.

1970ஆம் ஆண்டில் எட்கர் காட் முன்வைத்த உறவுசார் தரவுத்தளத்தில், எது வேண்டும் என்பதை மட்டுமே நாம் கேட்கிறோம். எவ்வழியில் தேடுவது என்பதை மென்பொருளே முடிவு செய்கிறது. ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவை மதிப்பிட்டுக் குறைந்ததைத் தெரிவு செய்யும் முறையை, 1979இல் ஐபிஎம் நிறுவனத்தின் பெட்ரிசியா செலிங்கர் குழுவினர் விளக்கினர்.

இரப்பர்த் தோட்டத்துச் செக்ரோல் ஏட்டை நினைவுகொள்வோம். அதற்குப் பெயரடைவு ஒன்று இருப்பின், அரிய பெயரைக் கிராணியார் அடைவில் கண்டு, உரிய பக்கத்தை நேரே திறப்பார். ‘முத்து’ என்னும் பெயர் பக்கந்தோறும் வருமாயின், அடைவுக்கும் ஏட்டுக்கும் மாறிமாறிச் செல்வதைவிட ஏட்டை முதலிலிருந்து புரட்டுவதே விரைவு.

மென்பொருளும் அவ்வாறே தெரிவு செய்கிறது. ஆனால் எஸ்கியூஎல் சர்வர் போன்றவை, முதலில் வந்த பெயருக்கு வகுத்த வழியை நினைவில் வைத்துப் பின்வரும் பெயர்களுக்கும் அதையே பயன்படுத்துவதுண்டு. முதலில் ‘முத்து’ தேடப்பட்ட நாளில், அரிய பெயருக்கும் ஏடு முழுவதும் புரட்டப்படலாம். மறுதொடக்கம் அந்நினைவை அழித்துவிடும். நோய் அப்படியே இருக்க, அதன் தடயம் மட்டும் மறையும்.

ஆகவே, தாமதம் நிகழும்போதே அதைப் பதிவு செய்தல் வேண்டும். இதற்கான கருவிகள் தரவுத்தளங்களிலேயே உள்ளன. சான்றாக, மைஎஸ்கியூஎல்லின் தாமத வினவல் பதிவேடு இயல்பில் இயங்குவதில்லை. இயக்கினாலும் அதன் தொடக்க எல்லை 10 நொடி. ஐந்து நொடித் தாமதம் அதில் பதியாது. எல்லையை 1 நொடியாகக் குறைத்தல் தகும். பின்னர், அவ்வினவல் விரைந்த வேளையையும் தாமதித்த வேளையையும் ஒப்பிடுவோம். தாமதித்த வேளையில் படித்த வரிசைகள் மிகுந்திருப்பின், வழி பிழைத்தது எனலாம். வரிசைகள் சமமாயிருந்தும் நேரம் மிகுந்தால், வேறொரு பணி அப்பதிவுகளைப் பூட்டி வைத்திருக்கலாம். அல்லது தரவு நினைவகத்தில் இன்றி வட்டிலிருந்து வந்திருக்கலாம்.

காரணத்திற்கேற்ப மருந்து மாறும். வழி பிழைத்திருப்பின், அவ்வினவலுக்கு ஒவ்வொரு முறையும் புதுவழி வகுக்கச் செய்யலாம். பூட்டு காரணமெனில், நீண்ட பணிகளைப் பள்ளி நேரத்திற்குப் பின் ஒத்திவைக்கலாம். காரணம் அறியாது புதிய கணினி வாங்கினால், பணம் செலவானபின் தாமதம் மீண்டும் வரக்கூடும். நாள், நேரம், தேடிய பெயர் ஆகிய மூன்றையும் குறித்துவைக்கும் ஆசிரியரே இவ்வாய்வுக்கு முதல் துணையாவார்.