இடிந்த வீட்டின் கல்லும் சாம்பல் சீமெந்தும்

வளவுக்குத் திரும்பியதும் முதலில் கண்ணில் படுவது இடிந்த சுவரும் உடைந்த ஓடுமாகத்தான் இருக்கும். லொறி பிடித்து அதை வெளியே கொட்டிக் காசைச் செலவழிக்க வேண்டாம். பெரும்பகுதி புது வீட்டுக்கே உதவும்.

குவியலில் கை வைப்பதற்கு முன் ஒன்று. கண்ணிவெடி அகற்றிய காணியிலும் இடிபாட்டுக்குள் வெடிக்காத குண்டு கிடக்கலாம். அறியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாதீர்கள், அருகில் குப்பை கொளுத்தாதீர்கள். வந்த வழியே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பழைய இரும்பு பொறுக்கப் பிள்ளைகளை அனுப்பவே கூடாது.

அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகட்டையும் உடைத்துச் சல்லியாக்காதீர்கள். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து, முழுதாக எடுத்து, பொலித்தீனில் சுற்றி ஒதுக்கி வையுங்கள். எங்கே போடுவதென்று பிரதேச சபையில் கேளுங்கள்.

மிச்சக் கல்லைக் கைப்பிடி அளவுக்கு உடைத்து, வீட்டு நிலத்தின் கீழ் 4 முதல் 6 அங்குலம் பரப்பி, தண்ணீர் விட்டு நன்றாக இடித்து இறுக்குங்கள். மரத்துண்டு, பொலித்தீன், கண்ணாடி எல்லாவற்றையும் முன்பே பொறுக்கிவிட வேண்டும். மரம் உக்கினால் அந்த இடம் பள்ளமாகி நிலம் வெடிக்கும். மாரியில் சேறாகும் ஒழுங்கைக்கும் இதே கல்தான். மேலே கிறவல் போட்டு, நடுவை உயர்த்தி, தண்ணீர் இரு பக்கமும் ஓட விடுங்கள்.

பழைய கொங்கிறீட் துண்டுகளைச் சல்லியாக உடைத்து நிலத்துக் கொங்கிறீட்டில் சேர்க்கலாம். அவை தண்ணீரைக் குடிக்கும், ஆகவே முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். தூண், லிண்டல், தட்டு ஆகியவற்றுக்குப் புதுச் சல்லி மட்டுமே. இதில் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

கடையில் கிடைக்கும் சில கலப்புச் சீமெந்துகளில் நிலக்கரிச் சாம்பல் சேர்ந்திருக்கும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் மிஞ்சும் சாம்பல் போன்றதுதான். ‘கலப்படம்’ என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. சீமெந்து இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு அந்த நுண்சாம்பல் சேர்ந்து தானும் இறுகுகிறது. அடுப்புச் சாம்பலுக்கு அந்தக் குணம் இல்லை, அதைக் கலக்காதீர்கள். ஒரு குறை: இது மெதுவாக இறுகும். பலகையைக் கழற்ற அவசரப்படாமல், குறைந்தது 10 நாளாவது ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் விடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிணறு வற்றும் ஊரென்றால், தண்ணீருக்கு வழி செய்த பிறகே கொங்கிறீட் போடும் நாளைக் குறியுங்கள்.