இறந்தோர் குரலும் இருப்போர் உழைப்பும்

2024இல் வெளியான 'லால் சலாம்' திரைப்படப் பாடலொன்றில், காலஞ்சென்ற பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவின் துணையால் மீள ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். பாராட்டத்தக்கதே. ஆயின் பொறிக்கு ஆன்மா உண்டோ என்னும் (நம் விமர்சகர் சிலருக்கு உவப்பான) வினாவினும் அடிப்படையானது உடைமை பற்றிய வினா என்பதே நம் கருத்து. பொறி கற்பது ஒலிப்பதிவில் உறைந்துள்ள மனித உழைப்பிலிருந்தே.

பாட்டியற்றும் பொறிகளை நடத்தும் சூனோ, யூடியோ நிறுவனங்கள் மீது பெரும் இசைப்பதிவு நிறுவனங்கள் 2024இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தன. 2025இல் அவற்றுட் சில உரிம உடன்பாடு கண்டு சமரசமாயின. கலைஞர் இசைந்தாலே அவர்தம் குரல் பயன்படும் என்றும் கூறப்பட்டது. கலைஞர் எனப்படுவோர் யாவர்? நடைமுறையிற் பெயர்பெற்ற பாடகரே. ஒருநாட் கூலிக்கு வயலின் வாசித்தவரும் கூட்டுக்குரல் பாடியவரும் பொதுவாக ஒலிப்பதிவின் உரிமையாளராகக் கொள்ளப்படுவதில்லை. பொறியோ அவர்களிடமிருந்தும் கற்கின்றது.