படம் போனால் வராது!

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி. திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் ஒரு விழா. மாணவ-மாணவிகளுக்கு இலவச மடிக்கணினி வழங்கும் திட்டம் அன்று தொடங்கியது.

மடிக்கணினி பாடத்தோடு நின்றதா? இல்லை! எளாவூர் போன்ற ஊர்களிலும் கல்யாணப் படம், காதுகுத்துப் படம், மறைந்த தாத்தாவின் படம் எல்லாம் கம்ப்யூட்டரில் குடியேறிவிட்டன.

கம்ப்யூட்டரை ஆட்டி வைப்பது இயங்குதளம். விண்டோஸ் 10 அப்படி ஒன்று. அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. ஆகவே சிலர் இலவசமான லினக்சுக்கு மாறுகிறார்கள்.

ஆபத்து எங்கே?

புதியதைப் பதியும்போது, "வட்டு முழுவதையும் அழிக்கலாமா?" என்று கம்ப்யூட்டர் கேட்கும். "சரி" என்று அழுத்தினால், படங்களும் சேர்ந்து போய்விடும்!

என்ன செய்வது?

முதலில் படங்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். பென் டிரைவில் இன்னொரு நகல். "கட்" செய்யாதீர்கள், "காப்பி" செய்யுங்கள்.

பிறகு எண்ணிப் பாருங்கள். இங்கே 2,000 படம் என்றால் அங்கேயும் 2,000 இருக்க வேண்டும். வேறொரு கம்ப்யூட்டரில் பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள். அதன்பின் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

"ஜேபெக்" படங்கள் லினக்சிலும் அப்படியே திறக்கும். பயம் வேண்டாம்.

இயங்குதளம் கெட்டால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். தாத்தாவை மறுபடி படம் எடுக்க முடியுமா?