கரிய சட்டியும் உரோமப் பேரரசும்

வரலாறு என்றவுடன் மன்னர் பெயர்களும் போர் நிகழ்ந்த ஆண்டுகளுமே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளியில் நாம் கற்ற உரோம வரலாறும் அத்தகையதே. யூலியசு சீசர் பிரித்தானியக் கரையில் இறங்கியமையும், குளோடியசு காலத்தில் அந்நாடு உரோமர் கைப்பட்டமையும், ஹேட்றியன் வடக்கே பெருமதில் எழுப்பியமையும் நாம் அறிந்தனவே. ஆயின், அம்மதிலைக் காத்து நின்ற வீரன் தன் உணவை எக்கலத்திற் சமைத்தான், அக்கலத்தைச் செய்தவர் யாவர் என்னும் வினாக்களை நாம் எழுப்பியதில்லை. இவற்றுக்கு விடை தேடப் புகுந்த தொல்பொருள் ஆய்வாளர், பெயரறியாக் குயவர் கூட்டமொன்றின் நீண்ட வரலாற்றைக் கண்டறிந்தனர். அதனை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

இங்கிலாந்தின் தென்கரையில் டோசெற் என்னும் மாவட்டம் உளது. அதன் தென்கிழக்குப் பகுதியிற் பூல் துறைமுகமும், அதனை அடுத்து வெயரம் என்னும் பழைய ஊரும் உள்ளன. உரோமர் வருமுன்னரே அப்பகுதியிற் கரிய மட்கலங்கள் செய்யப்பட்டு வந்தன. டோசெற் நிலத்தில் அக்காலத்தில் வாழ்ந்தோர் துரோத்திரிகர் என்னும் குடியினர். அவர் வழிவந்த இக்கலங்களை ஆய்வாளர் 'கருமெருகு மட்கலம்' என்னும் பொருள்படும் பெயரால் வழங்குவர். வாய் புறம் விரிந்த சமையற் பானை, அகன்ற சட்டி, ஆழம் குறைந்த தட்டு ஆகியனவே இவற்றுட் பெரும்பாலானவை.

இக்கலங்கள் செய்யப்பட்ட முறை எளியது. ஆயினும் அறிவோடு கூடியது. களிமண்ணோடு மணலை மிகுதியாகச் சேர்த்துப் பிசைந்து, திகிரியின் துணையின்றிக் கையாலேயே உருவாக்கினர். மணல் சேராத களிமண் கலம் அடுப்பில் ஏறியவுடன் வெப்பத்தாக்கத்தால் எளிதில் வெடிக்கும். மணல் சேர்ந்த சுவரோ திடீரென ஏறும் சூட்டைத் தாங்கவல்லது. கலம் ஓரளவு உலர்ந்ததும் அதன் புறத்தை வழுவழுப்பான கருவியினால் தேய்த்து மெருகிட்டனர். இதனால் நுண்டுளைகள் அடைபட, நீர் கசிவது குறைந்தது. பானையின் நடுப்பகுதியில் மட்டும் ஒரு பட்டையை மெருகிடாது விட்டு, அதிலே குறுக்கும் மறுக்குமாகக் கோடுகள் கீறி வலைபோன்ற கோலம் அமைத்தனர். பின்னர், கட்டியெழுப்பிய சூளையிலன்றி, விறகோடு கலங்களை நிலத்தின்மேல் அடுக்கி மூடிச் சுட்டனர். காற்றுக் குறைந்த அந்நெருப்பில், களிமண்ணிலுள்ள இரும்பு செந்நிறம் பெறாது கருமை அடைந்தது. புகையின் கரியும் உடன் படிந்தது.

கி. பி. 43இல் உரோமப் படை பிரித்தானியாவுட் புகுந்தது. இரண்டாம் படையணியைத் தென்மேற்கு நோக்கி நடத்திச் சென்றவர், பிற்காலத்திற் பேரரசரான வெசுப்பேசியன். அவர் இருபதுக்கு மேற்பட்ட அரணூர்களைக் கைப்பற்றினாரென வரலாற்றாசிரியர் சுவெற்றோனியசு எழுதியுள்ளார். துரோத்திரிகர் நாடும் உரோமர் வசமாயிற்று. வென்றவர்களோடு திகிரியில் வனைந்த கலங்களும், கட்டிய சூளைகளும், கோல் நாட்டிலிருந்து கப்பலேறி வந்த செந்நிறப் பளபளப்புக் கலங்களும் வந்து சேர்ந்தன. இவற்றின் முன்னே கையாற் செய்த கரிய சட்டி விரைவில் மறைந்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்தது அதுவன்று.

கி. பி. 122இல் ஹேட்றியன் மதிலைக் கட்டும் பணி தொடங்கியது. ஏறத்தாழ 117 கிலோமீற்றர் நீளமான அம்மதிலின் கோட்டைகளிலே, டோசெற் நாட்டுக் கரிய கலங்கள் பெருந்தொகையாகக் கிடைக்கின்றன. பூல் துறைமுகத்துக்கும் அம்மதிலுக்கும் இடைப்பட்ட தொலைவு, நேர்கோட்டில் அளந்தாலும், சுமார் 480 கிலோமீற்றர் ஆகும். மேற்குக் கடல்வழியே கப்பல்களில் இவை சென்றிருத்தல் வேண்டுமென ஆய்வாளர் பலர் கருதுவர். கி. பி. 120 அளவிற் பெருகிய இவ்வடதிசை வணிகம் ஏறக்குறைய 250 ஆண்டுகள் நிலைத்தது. தோற்ற குடியினரின் அடுக்களைச் சட்டி, வென்ற படையின் அடுப்பில் ஏறி அமர்ந்துவிட்டது எனலாம்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. தேம்சு ஆற்று முகத்தை அடுத்த எசெக்சு, கென்ற் பகுதிகளிலே, திகிரி கொண்டு வனைந்த குயவர் இக்கரிய கலத்தின் வடிவையும் கோலத்தையும் பின்பற்றித் தாமும் கலங்கள் செய்து வடக்கே அனுப்பினர். கைவினையைப் பார்த்துத் திகிரி கற்றுக்கொண்டது! இவ்விரு வகையையும் வேறுபிரித்து, முதலாம் வகை, இரண்டாம் வகை எனக் குறியிட்டவர் ஜோன் கில்லம் என்னும் அறிஞர். இது 1960ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது.

வடக்கே கிடைக்கும் சட்டி தெற்கே செய்யப்பட்டது என்பதை எவ்வாறு அறிவது? கண்ணாற் கண்டு மட்டும் துணிதல் இயலாது. கலத்திற் சேர்ந்த மணலே இதற்குச் சான்றாயிற்று. ஓட்டுத்துண்டைப் பொடியாக்கி அடர்த்தி மிக்க திரவத்தில் இட்டால், சாதாரண மணற்பரல்கள் மிதக்கப் பாரமான கனிப்பொருட் பரல்கள் அடியிற் படியும். அவற்றை நுணுக்குக்காட்டியில் நோக்கி இனங்கண்டு எண்ணுவர். டேவிட் பீக்கொக்கும், 1977இல் தம் விரிவான ஆய்வை வெளியிட்ட டேவிட் வில்லியம்சும் இம்முறையைக் கையாண்டனர். வடக்கே கிடைத்த முதலாம் வகைக் கலங்கள் பலவற்றில் தூர்மலின் என்னும் கனிப்பொருள் மிகுந்திருந்தது. வெயரம், பூல் பகுதி மணலின் இயல்பும் அதுவே. தூர்மலின் என்னும் அச்சொல், நம் நாட்டுச் சிங்கள மொழியின் 'தோரமல்லி' என்பதிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது என்பது நமக்கு உவகை தரும் செய்தியாகும்.

இச்சட்டிகள் காலத்தையும் காட்டும். இசுக்கொத்லாந்தில் அன்ரனைன் மதில் கி. பி. 142 அளவில் எழுந்து, இருபது ஆண்டு அளவிலேயே கைவிடப்பட்டது. ஆகவே, அங்கே பயன்பட்ட கலங்கள் அக்குறுகிய காலத்தனவாதல் வேண்டும். இத்தகைய இடங்களை அளவுகோலாகக் கொண்டு ஏனையவற்றை வரிசைப்படுத்தினர். பானை வரவர ஒடுங்கியது. வாய்விளிம்பு மேன்மேலும் வெளியே விரிந்தது. வலைக்கோலத்தில், மேலும் கீழும் கூர்ங்கோணமாய் இருந்த இடைவெளிகள், கி. பி. மூன்றாம் நூற்றாண்டில் விரிகோணமாயின. எனவே, கல்வெட்டோ நாணயமோ கிடைக்காத இடத்தும், உள்ளங்கை அளவான ஓடொன்று அக்கோட்டையின் வாழ்நாளை உணர்த்தும்.

ஈண்டு நாம் கவனிக்கவேண்டிய உண்மையொன்று உளது. கையாற் செய்த இக்கலத்தைத் தனியே கண்ட ஒருவர், இது உரோமருக்கு முற்பட்டது, நாகரிகம் முதிராத மக்களுடையது என்று எளிதில் முடிவு கட்டியிருப்பார். அம்முடிவு முழுவதும் பிழையாகும். கருவியின் பழமையை நோக்கிக் கைவினையின் தரத்தை அளத்தல் தகாது. நெருப்பைத் தாங்குதல் என்னும் பணியை அச்சட்டி செவ்வனே செய்தது. ஆதலின், பேரரசின் படையே அதனை நாடிற்று.

எனினும் அத்தொழில் என்றும் நிலைக்கவில்லை. கி. பி. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், யோக்சயரின் கிராம்பெக் முதலிய இடத்துக் குயவர் வடக்குச் சந்தையைக் கைப்பற்றினர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோம ஆட்சி நீங்கியது. படைக்குரிய சம்பளமும் நாணயமும் சந்தையும் குன்றியபோது டோசெற் குயவரின் பெருந்தொழிலும் அற்றொழிந்தது. வாளாற் கெடாத கைவினை, வாங்குவார் இன்மையாற் கெட்டது. அக்குயவருள் ஒருவர் பெயரேனும் நாம் அறியோம். ஆயினும், பேரரசர் பலரின் காலக்கணக்கை இன்று நாம் திருத்திக்கொள்வது அவர் கீறிய கோடுகளைக் கொண்டன்றோ!