தண்டுவடக் காயத்திற்குப் பிந்தைய மறுவாழ்வு

தண்டுவடக் காயம் என்பது முதுகெலும்புக்குள் செல்லும் நரம்புத்தண்டு நசுங்குவதாலோ அறுபடுவதாலோ, காயத்திற்குக் கீழுள்ள உடற்பகுதி அசைவையும் உணர்வையும் இழப்பதாகும். கழுத்தில் ஏற்பட்டால் கை, கால் நான்கும் பாதிக்கப்படும். முதுகில் ஏற்பட்டால் கைகள் தப்பும். சாலை விபத்தும் உயரத்திலிருந்து விழுவதும் முதன்மைக் காரணங்கள். கன்டெய்னர் லாரிகள் இரவுபகலாக ஓடும் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் இரண்டுமே அன்றாட ஆபத்துகள். அடிபட்டவரைத் தோளையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினால் மீதமுள்ள நரம்பும் அறுபடக்கூடும். கழுத்தை அசைக்காமல் 108 ஆம்புலன்ஸுக்காகக் காத்திருப்பதே நல்லது.

உயிர் பிழைத்தபின் வரும் ஆபத்துகள் வேறு. உணர்வில்லாத உடல் ஒரே நிலையில் கிடந்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் இரத்த ஓட்டம் நின்று படுக்கைப்புண் உண்டாகும். சிறுநீர்ப்பை நிறைந்தது தெரியாமல் அழுத்தம் கூடி, சிறுநீரகம் கெடும். முன்பு பெரும்பாலோர் இவற்றால்தான் இறந்தனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் நோயாளிகளை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தும், சிறுநீர்ப்பையைக் கவனித்தும், விளையாட வைத்தும் இந்த நிலையை மாற்றினார். பாராலிம்பிக் போட்டிகள் அங்கிருந்து வளர்ந்தவையே.

தமிழ்நாட்டில் இத்துறை மேரி வர்கீஸுக்குக் கடன்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவரான அவர், 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் வேலூர் பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவது, தானே குழாய் செலுத்திச் சிறுநீர் கழிப்பது, புண் வருகிறதா என்று கண்ணாடியில் பார்ப்பது ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் நடக்கும் 'ரிஹாப் மேளா'வுக்குப் பழைய நோயாளிகள் திரும்பிவந்து பரிசோதித்துக்கொண்டு, போட்டிகளிலும் கலந்துகொள்கிறார்கள்.

கிராமத்திலும் இது முடியும் என்று காட்டியவர் எஸ். இராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்த அவர், 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1981இல் சொந்த ஊரான ஆய்க்குடியில் (இன்றைய தென்காசி மாவட்டம்) அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார்.

மூளைக் காயம் வெளியே தெரியாமலும் இருக்கும். நன்றாக நடப்பவருக்கு மறதி, திடீர்க் கோபம், வேலையைத் தொடங்க இயலாமை இருந்தால் வீட்டார் அதைச் சோம்பல் என்று எண்ணிவிடுகிறார்கள். நினைவு, பேச்சு ஆகியவற்றுக்கான பயிற்சியும் மறுவாழ்வில் அடங்கும்.

அறுபட்ட தண்டுவடத்தை மீண்டும் முழுமையாக இணைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, இக்காயத்திற்கு ஸ்டெம் செல் கொடுப்பது அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம். ஆய்வில் பங்கேற்பவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. நகையை விற்றுப் பணம் கட்டப்போகும் குடும்பங்கள் இதை முதலில் அறிய வேண்டும்.

கருவிகளில் முன்னேற்றம் கண்கூடு. சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வு ஆய்வு மையம் 2019இல் 'அரைஸ்' என்ற எழுந்து நிற்க உதவும் நாற்காலியையும், பின்னர் 'நியோஃபிளை' நாற்காலியையும், அதனுடன் பொருத்தும் மின்கல வண்டியான 'நியோபோல்ட்'டையும் வெளியிட்டது. மேடுபள்ளமான சாலையிலும் செல்லும் வகையில் நியோபோல்ட் அமைக்கப்பட்டது. முகத்துவாரக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் வாசற்படியும் மணலும் இன்னும் தடைகளே. படிக்குப் பதில் சரிவுப்பாதை அமைப்பது பல வீடுகளில் நாற்காலிக்கு முன்பே செய்யவேண்டிய வேலை.

சென்னையில் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இச்சிகிச்சையை அளிக்கிறது. அடையாள அட்டைக்கும் உதவிகளுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.